எந்த அடியில் போனாள்

அந்தக் கடைத்தெருவில் இருக்கிற இரும்பு ஷட்டர்களுக்கெல்லாம் அவர்தான் வைத்தியர். காலையில் கடை திறக்க வந்தவன் பாதியில் சிக்கிய ஷட்டரைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தால், பக்கத்துக் கடைக்காரன் "ஷட்டர்காரருக்குப் போன் போடுய்யா" என்பான். பழைய மொபெட்டில் ஏணியைக் கட்டிக்கொண்டு, கிரீஸ் டப்பாவும் ஸ்பிரிங் முறுக்குகிற கம்பியுமாக அவர் வந்து இறங்குவார். என்ன ஏது என்று கேட்க மாட்டார். தகட்டில் காதை வைத்து, ஷட்டரை மேலும் கீழும் கொஞ்சம் அசைத்துப் பார்ப்பார். எங்கே சிக்கியிருக்கிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்பது அவர் கட்சி. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிறாரோ என்னவோ, வேலை முடிந்த பிறகும் தலையை ஆட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார்.

அதற்கு ஈடு கட்டத்தான் ஆண்டவன் அவருக்கு அப்படி ஒரு மனைவியைக் கொடுத்தான் போலிருக்கிறது. வீட்டில் தையல் மிஷின் போட்டு ஆஸ்பத்திரிகளுக்குத் தலையணை உறை தைப்பவள். மிஷின் ஓடுகிறபோதும் பேசுவாள், நின்றாலும் பேசுவாள். ஊசியில் நூல் கோக்கிற அந்த ஒரு நிமிஷம் மட்டும் நூல் நுனியை உதட்டில் வைத்திருப்பதால் பேச்சு நிற்கும். அவளுடைய அண்ணன் சின்ன வயதிலேயே அவளுக்கு 'ரேடியோ' என்று பெயர் வைத்துவிட்டார். தண்ணீர் வராதது, பக்கத்து வீட்டுப் பெண்ணின் பரீட்சை, போன வருஷம் வாங்கிய குக்கரின் துரோகம் என்று எல்லாச் செய்திகளும் அவர் சாப்பிடுகிற நேரத்தில்தான் ஒலிபரப்பாகும். அவர் "ம்" என்பார். இருபத்தைந்து வருஷக் குடித்தனம் அந்த "ம்"மில்தான் ஓடியது என்றால் நம்ப மாட்டீர்கள், ஆனால் நன்றாகவே ஓடியது.

அந்த அண்ணன், அதாவது இவருடைய மச்சான், மின்சாமான் கடை வைத்திருந்தார். வியாழக்கிழமை சாயங்காலத் தொழுகை முடிந்ததும் அந்தக் கடை மாடியில் கூட்டம் சேரும். ஃபேன் அட்டைப்பெட்டிகளை ஓரமாக ஒதுக்கி, பாய் விரித்து, நடுவில் திரை கட்டுவார்கள். இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள். முதலில் இறைவன் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லி திக்ர் ஓதுவார்கள். பிறகு ஞானப்பாட்டு. இறைவனைக் காதலனாகவும் தன்னைக் காதலியாகவும் வைத்து யார் யாரோ பாடிவிட்டுப் போன பாட்டுகளை மச்சான்தான் எடுத்துப் பாடுவார். அவருக்குத் தேன்குரல் என்று ஊரில் பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவர் அவரேதான்.

ஷட்டர்காரர் அங்கே தஹரா கொட்டுகிறவர். வளையத்தில் ஒருபக்கம் மட்டும் தோல் கட்டிய கைக்கொட்டு அது. கல்யாணமான புதிதில், கொட்டுகிறவர் காய்ச்சலில் படுத்துக்கொண்ட ஒரு வியாழக்கிழமை, மச்சான் அதை இவர் மடியில் வைத்து, "மாப்ள, இரும்பு அடிக்கிற கைதானே, இன்னிக்குத் தோலை அடிங்க" என்றார். காய்ச்சல்காரர் குணமாகி வந்தார். கொட்டு மட்டும் இவரிடமே தங்கிவிட்டது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இத்தனை வருஷத்தில் அந்தப் பாட்டுகளில் ஒன்றுகூட அவரை அசைத்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் கண்ணைத் துடைப்பார்கள், ஆடுவார்கள், "அல்லாஹ்" என்று அலறுவார்கள். இவர் தாளம் தப்பாமல் கொட்டிக்கொண்டே, சீலிங் ஃபேன் ஏன் இப்படி உதறுகிறது, மேலே கொக்கி தேய்ந்திருக்குமோ என்று பார்த்துக்கொண்டிருப்பார். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொள்வார். உள்ளூர அது ஒரு குறைதான்.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு சட்டம் உண்டு. பாட்டின் ஏதோ ஒரு அடியில் யாராவது தன்னை மறந்துபோய்விட்டால், அதை வஜ்து என்பார்கள், பாடுகிறவர் அந்த அடியைத் தாண்டக் கூடாது. ஆள் திரும்பி வருகிறவரை அதே அடியைத் திரும்பத் திரும்பப் பாட வேண்டும், அதே தாளத்தைப் பிடித்திருக்க வேண்டும். பாதியில் அறுத்துவிட்டால் போனவர் போன இடத்திலேயே நின்றுவிடுவார் என்பது நம்பிக்கை. ஒரு தடவை லாரி டிரைவர் ஒருவர் அப்படிப் போய்விட்டார். ஒரே அடியைப் பாடிப் பாடி மச்சானுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. ஷட்டர்காரருக்கு விரல் வீங்கிவிட்டது. டிரைவர் திரும்பி வந்து, "டீ இருக்கா?" என்று கேட்ட பிறகுதான் விட்டார்கள்.

ஒரு வியாழக்கிழமை கூட்டம் முடிந்து மனைவியை மொபெட்டில் ஏற்றிக்கொண்டு வந்தார். பின்னாலிருந்து சத்தமே இல்லை. தூங்கிவிட்டாளோ என்று கண்ணாடியில் பார்த்தார். கண் திறந்துதான் இருந்தது. வீட்டுக்கு வந்தாள், சோறு போட்டாள், பாத்திரம் கழுவினாள், படுத்தாள். மறுநாளும் அப்படியே. மிஷின் ஓடியது, தலையணை உறைகள் அடுக்கடுக்காக ஏறின, சமையலில் உப்புகூடக் குறையவில்லை. பேச்சு மட்டும் இல்லை.

கோபம் என்றுதான் முதலில் நினைத்தார். எந்தத் தப்புக்கு என்று தெரியாததால், செய்த தப்புகளையெல்லாம் வரிசையாக யோசித்துப் பார்த்தார். கேஸ் சிலிண்டருக்குச் சொல்ல மறந்தது, அவள் தங்கை வீட்டு விசேஷத்துக்கு கிரீஸ் கறைச் சட்டையோடு போனது. சிலிண்டர் வந்தது, புதுச் சட்டை போட்டுக்கொண்டு எதிரில் போய் நின்றும் பார்த்தார். அவள் சிரித்தாள். கோபக்காரி சிரிப்பாளா? அவள் முகத்தில் சோகமும் இல்லை. சோகமாக இருந்தால் ஆறுதல் சொல்லலாம், கோபமாக இருந்தால் கெஞ்சலாம். இது எதில் சேர்த்தி என்றே அவருக்குப் புரியவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது.

வெளியூரில் வேலை பார்க்கிற மகள் போனில் அம்மா பேசாததைக் கண்டு பதறி அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். டாக்டர் டார்ச் அடித்து, "ஆ சொல்லுங்கம்மா" என்றார். அவள் "ஆ" என்று நன்றாகவே சொன்னாள். ரத்தம், தலைக்குப் படம், எல்லாம் சரியாக இருந்தது. தூக்கத்துக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார், தூக்கம்தான் அவளுக்கு நன்றாக வந்துகொண்டிருந்தது.

"அத்தா, நீங்க அம்மாவை ஏதாவது சொன்னீங்களா?" என்று மகள் தனியாகக் கேட்டாள்.

"நான் எப்ப என்ன சொல்லியிருக்கேன்?"

"அதுதான் பிரச்சனையோ என்னமோ" என்று சொல்லிவிட்டு அவள் பஸ் ஏறிப் போனாள். அந்த வார்த்தை அவருக்கு முள்ளாகக் குத்தியது.

குட்டை உடைத்தது எதிர்வீட்டு அக்கா. அவளும் வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு வருகிறவள்தான். "தம்பி, கோச்சுக்காதீங்க, முன்னாடியே சொல்லியிருக்கணும். அன்னிக்கு உங்க வீட்டம்மாவுக்கு வஜ்து வந்துச்சு. கண்ணு மூடி, கை ரெண்டும் இப்படித் தூக்கி, முகமெல்லாம் தண்ணி. அதுக்குள்ள உங்க மச்சான் அடுத்த பாட்டுக்குப் போயிட்டாரு. திரைக்கு அந்தப் பக்கம் இருக்கறவங்களுக்கு என்ன தெரியும்? அவ்வளவுதான், அப்படியே உக்காந்துட்டா."

"எந்தப் பாட்டுலக்கா? எந்த அடியில?"

"அதுதான் தம்பி ஞாபகம் இல்ல. நான் அப்ப என் செருப்பைக் காணோம்னு ஜன்னல் வழியா எட்டிப் பாத்துட்டு இருந்தேன். திரும்பினா இவ இப்படி இருக்கா."

ஷட்டர்காரர் தன் கையைப் பார்த்தார். அறுத்தது மச்சான் மட்டுமல்லவே. மச்சான் கண்ணைக் காட்டினார், அடுத்த பாட்டுக்குத் தாளத்தை மாற்றியது இவர் கை. ஊரில் யார் யாருக்கோ விரல் வீங்கக் கொட்டிய மனுஷன், சொந்த மனைவி போனபோது கையை மாற்றிவிட்டான். அவள் எங்கேயோ நடுவழியில் நிற்கிறாள் என்று நினைத்ததும் அவருக்கு அழுகை வந்தது. ஏணியைத் துடைப்பதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கடைக்குப் போய் மச்சானைப் பிடித்தார். மச்சான் ஒரு மிக்சியை ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"பொம்பளைங்க பக்கம் வஜ்தா? என்ன மாப்ள நீங்க. அழுதிருப்பா. ரேடியோ ரெண்டு நாள் ஆஃப் ஆனா உங்களுக்குக் காது குளிர்ந்திருக்குமே, அதுக்குப் போய்…"

"மச்சான்" என்றார் இவர். குரல் உயர்ந்து மச்சான் கேட்டதே இல்லை. "ஒரு தடவை வீட்டுக்கு வந்து பாருங்க."

மச்சான் வந்தார். தங்கை டீ போட்டுக் கொடுத்தாள். அவர் கிண்டல் செய்தார், பழைய கதை சொன்னார், பிறகு அதட்டியும் பார்த்தார். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினாள். தேன்குரல் கம்மிப்போய்ப் படியிறங்கியது. அன்றைக்கு எந்தெந்தப் பாட்டு எந்த வரிசையில் என்று கேட்டால், அதுவும் அவருக்குத் தெளிவாக நினைவில்லை.

ஷட்டர்காரர் தன் தொழில் புத்தியோடு யோசித்தார். எங்கே சிக்கியது என்று கண்டுபிடிக்க வேண்டும். அந்த அடியை மறுபடி பாடினால் அவள் அதைப் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுவாள். ஆகவே பாட வேண்டும். யார் பாடுவது? மச்சான் தினமும் கடையைப் பூட்டிவிட்டு வர முடியுமா? பெண்டாட்டி யாருடையவளோ அவன்தான் பாட வேண்டும்.

அப்படித்தான், பின்பாட்டில் வாயை மட்டும் அசைத்துக் காலம் தள்ளிய மனுஷன் வீட்டு முன்னறையில் தஹராவோடு உட்கார்ந்து தனியாகப் பாட ஆரம்பித்தார். குரலா அது? கிரீஸ் போடாத ஷட்டர் தோற்றது.

"விளக்கேற்றிக் கொண்டுன்னைத் தேடவந்தேன் – அந்த
வெளிச்சத்தில் தானேநீ மறைந்துநின்றாய்"

ஒவ்வொரு அடியாகப் பாடுவார், அவள் முகத்தைப் பார்ப்பார், மறுபடி அதையே பாடுவார். அசைவில்லை என்றால் அடுத்த அடி. வேலைக்குப் போகுமுன் ஒரு பாட்டு, வந்தபின் இரண்டு, லீவு நாளில் பகல் முழுக்க. டீக்கடையில் "என்ன பாய், பாகவதர் ஆயிட்டீங்களாமே" என்றார்கள். மாடிவீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார். மானம் போனால் போகட்டும் என்று இவர் விடவில்லை.

ஒரு நாள் சாயங்காலம்,

"என்னையே கேட்கிறார் உன்விலாசம் – நான்
என்வீட்டை மறந்தல்லோ வந்துவிட்டேன்"

என்று பாடியபோது தையல் மிஷின் சட்டென்று நின்றது. அவள் கை அந்தரத்தில் நின்றது. இதுதான்! அந்த அடியை விடாமல் பிடித்துக்கொண்டார். பாடினார், பாடினார், கண்ணை மூடிக்கொண்டு பாடினார். கண்ணைத் திறந்தபோது அவள் பாபினைக் கழற்றிப் புது நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். நூல் தீர்ந்துபோயிருக்கிறது, அவ்வளவுதான்.

இப்படியே இன்னும் பல. ஒரு அடியில் அவள் கண் கலங்கியது, பார்த்தால் அடுப்பில் வெங்காயம். ஒரு அடியில் எழுந்து அவரை நோக்கி வந்தாள், அவருக்குப் பின்னாலிருந்த கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு போனாள். எது அடையாளம், எது வீட்டு வேலை என்று பிரிக்கத் தெரியாமல் மண்டை காய்ந்தது. சாண் ஏறினால் முழம் சறுக்கியது. நடுவில் அவருக்கு இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொண்டது. இந்த வரிகளை இத்தனை வருஷமாகக் கொட்டியிருக்கிறாரே, ஒரு நாளாவது அர்த்தம் கேட்டிருக்கிறாரா? விலாசம் கேட்கிறார்கள், வீட்டை மறந்து வந்துவிட்டாள். யார் வந்தது, எந்த வீடு? அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஷட்டரில் தொங்கிக்கொண்டிருக்கும்போதெல்லாம் அந்த வரி வந்து குறுக்கே நின்றது.

கடைசியில் மச்சானைக் கட்டாயப்படுத்தி, அந்த வியாழக்கிழமையை அப்படியே திரும்ப நடத்துவது என்று முடிவானது. அதே ஆட்களைக் கேட்டுக் கேட்டு வரிசையை ஒருவாறு திரட்டினார்கள். அதே மாடி, அதே திரை. எதிர்வீட்டு அக்காவைக்கூட அதே ஜன்னலோரம் உட்காரவைத்தார்கள். அவள் இந்தத் தடவை செருப்பைப் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு, திரைக்கு மேலே கையைத் தூக்கிச் சைகை காட்டத் தயாராக இருந்தாள்.

மச்சான் அன்றைக்குப் பாடினது மாதிரி வாழ்நாளில் பாடியதில்லை. ஒவ்வொரு அடியையும் போதும் போதும் என்கிறவரை பாடினார். ஆண்கள் பக்கம் இரண்டு பேர் வஜ்து வந்து உருண்டார்கள், அவர்களை யாரும் சீந்தவில்லை. எல்லாக் கண்ணும் திரை மேல். கை எழவே இல்லை. கடைசிப் பாட்டின் கடைசி அடியும் போனது. மச்சான் மைக்கைக் கீழே வைத்துவிட்டு, அத்தனை பேர் எதிரிலும் திரையைப் பார்த்து, "தங்கச்சி, தெரியாம செஞ்சிட்டேம்மா. ஏதாவது ஒரு வார்த்தை பேசு. என்னைத் திட்டவாவது திட்டு" என்று குலுங்கி அழுதார். திரை விலகியது. அவள் வந்து அண்ணன் கையில் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுத்தாள். அவர் தலையைத் தடவிக் கொடுத்தாள். பேசவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஷட்டர்காரர் வழக்கம்போல முன்னறையில் உட்கார்ந்தார். அவள் ஜன்னலோரம் தரையில் உட்கார்ந்து ஒரு உறைக்குக் கையால் ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். அவர் வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. தொண்டை போய்விட்டிருந்தது. சரி, தாளமாவது இருக்கட்டும் என்று கொட்டினார். கொஞ்ச நேரத்தில் கையும் கேட்கவில்லை. தஹராவைக் கீழே வைத்தார். வைத்த பிறகு, இத்தனை நாள் அடைத்து வைத்திருந்தது வந்தது.

"எனக்கு ஒண்ணும் புரியல" என்றார், அந்த உடைந்த குரலில். "தேடித் தேடிப் பாத்துட்டேன். நீ எங்க நிக்கறேன்னே தெரியல. நீ பேசினப்பல்லாம் நான் ஒழுங்கா கேட்டதில்ல, ஒத்துக்கறேன். இப்ப இந்த வீட்டுல எனக்கு மூச்சு முட்டுது. குக்கரைப் பத்தியாவது ஏதாவது சொல்லேன். நீ இப்படியே போயிருவியோன்னு பயமா இருக்கு எனக்கு. எந்த அடி? அதை மட்டும் சொல்லு, நான் சாகற வரைக்கும் பாடறேன்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. எதிர்வீட்டு அக்காவைக் கேட்டார், மச்சானைக் கேட்டார், டாக்டரைக் கேட்டார், கூட்டத்தில் ஒருவர் விடாமல் கேட்டார். அவளைக் கேட்டதே இல்லை.

அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

"அடியில இல்லங்க" என்றாள்.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. எதிர்பார்த்த அதிசயம் நடந்தும், கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

"பின்ன?"

"அண்ணன் ஒரு பாட்டை முடிச்சாங்க. அடுத்ததை இன்னும் எடுக்கல. உங்க கையும் நின்னிருந்துச்சு. அந்த நடுவுல."

"நடுவுல என்ன பாடினாங்க?"

"ஒண்ணும் பாடல."

அவர் விழித்தார். "ஒண்ணுமே இல்லாததுல எப்படிம்மா?"

"அது எனக்கும் தெரியல. எல்லாம் நின்னுபோச்சு, நான் உள்பட. என்னமோ நல்லா இருந்துச்சு. அதுக்குள்ள அடுத்த பாட்டை ஆரம்பிச்சிட்டீங்க. வீட்டுல சும்மா இருந்தா மறுபடி கிடைக்கும்னு பாத்தேன். நீங்க விட்டாத்தானே? பொழுது விடிஞ்சா பொழுது போனா காதுக்குள்ள டம் டம்முன்னு."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"ஒரு வார்த்தையோட நான் நிறுத்துவேனா? என்னைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

அவருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. எதை முதலில் விடுவது என்று தெரியவில்லை. மாதக்கணக்கில் தொண்டை கிழியப் பாடியது அவளைக் கூட்டிவர என்று நினைத்திருந்தார். போகவிடாமல் அடித்துக்கொண்டிருந்தது அதுதானா? ஆள் திரும்பும்வரை அந்த இடத்தைப் பிடித்திருக்க வேண்டும் என்பதுதானே சட்டம். இவர் பிடிக்க வேண்டிய இடத்தில் பாட்டே இல்லை என்றால், எதைப் பிடிப்பது, எப்படிப் பிடிப்பது? இதற்கு மச்சானிடமும் பதில் கிடைக்காது.

"இப்ப நான் என்ன பண்ணணும்?"

"கொஞ்ச நேரம் கொட்டாம இருங்க."

"எவ்வளவு நேரம்? அப்புறம் பேசுவியா?"

அவள் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டாள். அவர் போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். போன் அடித்தது, மச்சான்தான். எடுக்காமல் அணைத்து வைத்தார். அவளுக்குக் கேட்பது தனக்கும் கேட்குமோ என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார். தெருவில் ஒரு ஸ்கூட்டர் போனது, மேல்வீட்டில் நாற்காலி இழுத்தார்கள், பிறகு அதுவும் நின்றது. அவருக்குள் எதுவும் நடக்கவில்லை. வழக்கம்போல ஒன்றுமே இல்லை. கால் மரத்துப்போனதுதான் மிச்சம்.

திரும்பிப் பார்த்தார். அவள் கண் மூடியிருந்தது, கன்னத்தில் நீர் இறங்கியிருந்தது. போய்விட்டாள். எங்கே, எப்போது வருவாள், வந்தால் பழைய ஆளாக வருவாளா, எதுவும் அவருக்குத் தெரியவில்லை. கூப்பிட வேண்டும்போல இருந்தது. மடியில் கிடந்த வலது கை தாளம் தேடித் தானாக எழுந்தது. இடது கையால் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.